நாற்பத்திரண்டாவது ஊசி

ஊசியைக் கைக்குக் கை கொடுங்கள். கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். தையல் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒரு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு வரியில் சொன்னதை யார் கேட்கிறார்கள்? உங்கள் வயதில் நானும் கேட்டிருக்க மாட்டேன். அதனால் அந்த வரி எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். மெதுவாகத்தான் வரும். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் மற்றவர்களுக்குக் கன்னடத்தில் சொல்லட்டும்.

மகாராஜா காலம். மைசூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்க என்னை எடுத்தார்கள். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கொள்ளேகால் பக்கம் பிறந்தவள், வீட்டில் தமிழ். ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தேன். அவர் காய்ச்சலில் போன பிறகு நாலு வீட்டுக்கு ரவிக்கை தைத்துச் சாப்பிட்டேன். அந்த ரவிக்கை ஒன்றை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா எங்கேயோ பார்த்து, வாங்கித் திருப்பிப் பார்த்தாராம். உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தெரியவில்லையாம். உடனே எனக்கு ஆள் அனுப்பினார். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படும்படி செய்ததற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் படுவது?

"ஆறு மாசம் பார்ப்போம்" என்றார் அவர். "தையல் உனக்கு வரும், அது தெரியும். பிள்ளைகளை வைத்து மேய்க்க வருமா என்றுதான் பார்க்கணும்."

அது என்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டு பெண்கள். ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரைக்கும் எல்லாரும் ஒரே அறையில், ஒரே நீள ஜமக்காளத்தில். மத்தியானத்துக்குப் பிறகு கடைசி மணி எனக்கு. பசி, தூக்கம், வீட்டு நினைப்பு எல்லாம் வந்து சேருகிற மணி அது. ரிஜிஸ்டர் கன்னடத்தில் இருக்கும், எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஜயம்மா என்கிற பன்னிரண்டு வயதுப் பெண் பேர் கூப்பிடுவாள், நான் தலைகளை எண்ணுவேன். ஜயம்மாவுக்குக் கையும் சுத்தம், வாயும் நீளம். சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். நான் அந்தப் பக்கம் திரும்பினால் என் குரலிலேயே, என் கொள்ளேகால் கன்னடத்திலேயே, "நூலை இழுக்காதே, ஏய், இழுக்காதே!" என்பாள். வகுப்பு மொத்தமும் சிரிக்கும். அச்சு அசலாக என் குரல். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

படிக்கத் தெரியாதவள் என்று இந்தக் குட்டிகளுக்கு இளப்பம் என்று நினைத்தேன். வகுப்பு என்றால் மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். துணி அளக்க மூன்றடிக் கஜக்கோல் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைக் கொண்டு துணியை அளந்தது கொஞ்சம். தரையில் தட்டி மிரட்டியதுதான் அதிகம்.

இப்போது ஊசிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஊசியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். தரையில் வைப்போம், மற்றவள் எடுத்துக்கொள்வாள். உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும். எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி, அதற்கு மேல் யோசித்ததே இல்லை. அப்படியே வகுப்புக்கும் கொண்டுவந்துவிட்டேன். முதல் நாளே சொன்னேன்: "ஊசியை யாரும் யார் கையிலும் கொடுக்கக் கூடாது. முன்னால் வையுங்கள். வேண்டியவள் எடுத்துக்கொள்ளட்டும்." பிள்ளைகளுக்கும் வீட்டில் கேட்டதுதான், தலையை ஆட்டினார்கள். நானும் அப்படியே வைத்துக் கொடுத்தேன், வைக்கச் சொல்லி எடுத்தேன். சிவப்புக் கம்பளித் துண்டில் வரிசையாக நாற்பத்திரண்டு ஊசி குத்தி வைத்திருப்பேன். வகுப்பு முடிந்ததும் நாற்பத்திரண்டும் வந்து சேரும். நாலு மாசம் ஒரு குறையும் இல்லை.

ஐந்தாம் மாசம், தசராவுக்கு முன்னால், பிள்ளைகள் கைக்குட்டைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கிற நேரம். ஊசிகளை எடுத்துக் கம்பளியில் குத்தினேன். கடைசி வரிசையில் ஒன்று குறைந்தது. நாற்பத்தொன்று.

"யார் தரவில்லை?"

ஜயம்மா எழுந்தாள். "என்னுதுதான் அம்மா. கீழே வெச்சேன், காணோம்."

"கீழே வைத்தது எங்கே போகும்? கால் முளைத்துப் போகுமா?"

"சின்னதுங்களுக்கு நூல் கோத்துக்கிட்டு இருந்தேன். என்னுதை இங்கே வெச்சேன். நீங்கதானே அம்மா கையில கொடுக்கக் கூடாது, கீழே வைன்னு சொன்னீங்க?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஜயம்மா உண்மையைத்தான் சொல்கிறாள். எனக்கு அது எதிர்த்துப் பேசுகிற மாதிரி கேட்டது.

கதவைச் சாத்தினேன். "ஊசி வராமல் ஒருத்தியும் வெளியே போக முடியாது. எல்லாரும் சம்மணம் போட்டு உட்காருங்கள். நகர்ந்தால் பார்!"

ஜயம்மாவின் பின்னலை அவிழ்த்துப் பார்த்தேன். பெட்டியைக் கவிழ்த்தேன். பாவாடை ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "எங்கே ஒளித்தாய்?" என்றேன். "ஒளிக்கலை அம்மா." "எங்கே ஒளித்தாய்?" "சத்தியமா இல்லை." கையை நீட்டச் சொன்னேன். கஜக்கோலால் மூன்று அடி. மூன்றாவது அடிக்கு அவள் உள்ளங்கை தடித்துச் சிவந்தது. அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பு மூச்சுக் காட்டவில்லை. நான் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது.

பிறகு சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். ஒன்று அழுதால் பக்கத்தில் இருப்பதும் அழும், உங்களுக்கே தெரியும். நான் கைக்குட்டைகளையெல்லாம் வாரி உதறினேன். ஒரு கைக்குட்டையிலும் ஊசி இல்லை. மூலையில் நாகு என்று ஏழு வயதுப் பெண், பூக்கடைக்காரர் மகள், எல்லாரும் சம்மணம் போட்டிருக்க அவள் மட்டும் ஒரு காலை நீட்டி வைத்திருந்தாள்.

"ஏய், காலை மடக்கு!"

மடக்கவில்லை.

"சொல்கிறது காதில் விழவில்லை? மடக்கு காலை!"

கஜக்கோலோடு அவள் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டேன். அந்த நேரம் ஜன்னலில் வண்டிக்கார மாதய்யா தலையை நீட்டினார். பிள்ளைகளைத் திரை போட்ட மாட்டு வண்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய் விடுகிறவர்.

"ஏனம்மா, இன்னும் அனுப்பலையா? மணி அடிச்சு எவ்வளவு நேரமாச்சு! அஞ்சு தெரு சுத்தணும். இருட்டினா அப்பன்மாருங்க என் தோலை உரிப்பாங்க. நாளைக்குப் பிள்ளைங்களையே அனுப்ப மாட்டாங்க."

"கொஞ்சம் இரு, மாதய்யா."

"எனக்கென்ன, நான் இருப்பேன். மாடு இருக்குமா?"

அவருக்குப் பதில் சொல்லத் திரும்பினேன் பாருங்கள், அதனால்தான் நாகுவிடம் போகவில்லை. இல்லாவிட்டால் அந்தக் காலை நானே பிடித்து மடக்கியிருப்பேன்.

திரும்பி வந்தபோது எனக்கு முட்டி வலித்தது. ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். அடுத்தது என்ன செய்வதென்று தெரியவில்லை. உதறிப் போட்ட கைக்குட்டைகள் முன்னால் குவிந்து கிடந்தன. தையல்காரிக்குக் கை சும்மா இருக்காது. ஒவ்வொன்றாக எடுத்து நீவி மடித்து அடுக்கினேன். கோபத்தில் உதறினபோது துணியைப் பார்க்கவே இல்லை. இப்போதுதான் பார்த்தேன்.

கைக்குட்டையில் பேர் எழுதியிருக்காது. எனக்கு அது வேண்டியதும் இல்லை. ரிஜிஸ்டர் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, தையலைப் பார்த்தால் எந்தப் பிள்ளை, அன்றைக்கு எப்படி இருந்தாள் என்று சொல்வேன். இவள் அவசரக்காரி. இவளுக்குக் கண் சரியில்லை. இவள் பக்கத்து வீட்டுக் கதை பேசிக்கொண்டே தைத்திருக்கிறாள். அப்படியே வந்தேன். ஒரு கைக்குட்டையில் கை நின்றது.

வகுப்பிலேயே பொடித் தையல் அது. எறும்பு போன மாதிரி, ஒரே அளவு, ஒரே நேர். மூன்று பக்கம் அப்படி வந்து, நாலாவது பக்கத்தில் ஒரு விரற்கடை தூரம் மட்டும் கோணல் மாணலாக இருந்தது. பெரிய பெரிய தையல். நூலை இழுத்து இழுத்துத் துணியே சுருங்கிவிட்டது. அத்தோடு நின்றது. இவ்வளவு நன்றாகத் தைத்தவளுக்கு அந்த இடத்தில் என்ன ஆயிற்று?

நாகுவின் கை அது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளெல்லாம் அழுகிறார்கள், மூக்கை உறிஞ்சுகிறார்கள், நெளிகிறார்கள். நாகு மட்டும் அழவில்லை. அசையவும் இல்லை. உதடு வெளுத்துப் போயிருந்தது.

எழுந்து போகவில்லை. கஜக்கோலைத் தள்ளி வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து அவள் பக்கத்தில் போனேன். கைக்குட்டையைக் காட்டினேன்.

"நல்லாத் தெச்சிருக்கே அம்மிணி. இந்த இடத்துல மட்டும் என்ன ஆச்சு?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்ததே இல்லை. வெளியே மாட்டு மணி சத்தம். மாதய்யா இருமினார். நான் துணியை நீவிக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவள் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நான் எடுக்கலை அம்மா. அதுவே உள்ளே போயிட்டுது."

பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன். கெண்டைக்காலில் கடுகளவு ரத்தப் புள்ளி. அவ்வளவுதான். ஊசி வெளியே தெரியவில்லை. நூல் எடுத்துவர எழுந்து போனவள், திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஜயம்மா கீழே வைத்த ஊசி முழுசாக இறங்கிவிட்டது. வலியோடு நாலு தையல் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்ல வாயைத் திறந்திருப்பாள். அதற்குள் நான் கதவைச் சாத்திவிட்டேன். ஊசி எடுத்தவளுக்கு மூன்று அடி விழுந்ததைப் பார்த்தாள். ஊசி தன்னிடம் இருக்கிறது. அப்படியானால் எடுத்தவள் தான்தானே? ஏழு வயதுக் கணக்கு அது. அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் என்னுடையது.

என் கை அந்த இடத்தை அழுத்திப் பிதுக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். பிதுக்கினால் இன்னும் உள்ளே போகும். நடக்க வைத்தாலும் போகும், சதை அசைய அசைய ஊசி நகரும். தைக்கிற வீடுகளில் இப்படி நடந்து காலே போன கதைகளைக் கேட்டிருக்கிறேன். குரலை நடுங்க விடவில்லை. பக்கத்தில் நாற்பத்தோரு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கத்தினால் அத்தனையும் கத்தும், நாகு துள்ளுவாள்.

"நாகு, நீ ரொம்ப நல்ல பொண்ணு. ஆடாம இருந்தே பாரு, அதுதான் சரி. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இரு."

காலை அசையாமல் கட்ட வேண்டும். சுற்றிப் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஜயம்மா கஜக்கோலை எடுத்துவந்து நீட்டினாள். தடித்த கையாலேயே. நான் வாங்கினேன். கோலைக் காலுக்கு அடியில் வைத்து, முட்டிக்கு மேலும் கணுக்காலிலும் கைக்குட்டைகளால் கட்டினேன்.

"ஜயா, நீதான் இவங்களையெல்லாம் பார்த்துக்கணும். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொல்லு. நாகு வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லு. மீதிப் பேருக்கு இன்னொரு வண்டி பிடிக்கச் சொல்லி ஏத்து."

"சரி அம்மா."

வகுப்பில் என்னை எதிர்த்துப் பேசுகிறவள் என்று யாரை அடித்தேனோ, வகுப்பை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போனேன். வேறு யாரிடம் விட முடியும்? அது எனக்கு அந்த நிமிஷம் தெரிந்திருந்தது. நாலு மாசமாகவே தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

நாகுவை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் கம்பளியிலிருந்து ஒரு ஊசியை எடுத்து என் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டேன். இதை மட்டும் நான் சரியாகச் செய்தேன்.

மாதய்யா பார்த்த உடனே மாட்டை விரட்டக் கையை ஓங்கினார். "மெதுவா" என்றேன். "அம்மா, பிள்ளை கால்..." "அதுக்குத்தான் மெதுவா. குலுங்கக் கூடாது." அவர் இறங்கி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி ஒன்றும் தூரம் இல்லை. அன்றைக்குப் பதினைந்து மைல் தள்ளி நஞ்சன்கூடு வரைக்கும் போன மாதிரி இருந்தது. ஒவ்வொரு கல்லிலும் என் மடியில் அந்தக் கால் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். நாகு ஒரே ஒரு தடவை கேட்டாள்:

"ஜயக்காவுக்கு இன்னும் அடி விழுமா?"

"இல்லை. விழாது."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "நடந்தாளா?"

"ஒரு அடிகூட நடக்கலை."

"ஊசி எவ்வளவு நீளம்?"

தலைப்பிலிருந்த ஊசியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதோட ஜோடி." அவர் அதைப் பார்த்துக்கொண்டே வெட்டித் தேடினார். எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். முழுசாக இருந்தது, உடையவில்லை. அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

நாகுவின் அப்பா பூ வாசனையோடு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். "அவ்வளவு நேரம் காலில் ஊசியோடு உட்கார்ந்திருந்தாளா? நீங்க கேட்கவே இல்லையா?"

"கேட்டேன்" என்றேன். "கத்திக் கேட்டேன். அதனாலதான் சொல்லலை."

அவர் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கூப்பிட்டார்.

"அடித்தாயாமே?"

"அடித்தேன்."

"யாரை?"

"எடுக்காதவளை."

"எடுத்தவளை அடித்திருந்தால் சரியா?"

ஊசியைக் கீழே வைக்கச் சொன்னதும் நான்தான் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "இன்னும் ஒரு மாசத்தில் உன்னை நிரந்தரம் பண்ணுவதாக இருந்தேன். இப்போது மறுபடி ஆறு மாசம் பார்ப்போம்." வேலை போகவில்லை. ஆனால் அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது என் தலை நிமிரவில்லை. நான் தலை நிமிராமல் நடந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வகுப்பில் முதல் ஊசியை எடுத்து ஜயம்மாவிடம் நீட்டினேன். கையில். அவள் வாங்கவில்லை. பழக்கத்தில் கீழே பார்த்தாள்.

"கையில வாங்கு."

"சண்டை வரும்னு சொன்னீங்களே அம்மா?"

"வந்துதான் முடிஞ்சாச்சே. இனி எதுக்கு வரப்போகுது? பிடி."

பிடித்தாள். சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து வாங்கிக்கொண்டாள், முடிந்ததும் என் கையில் கொடுத்தாள். நாகுவின் ஊசி கம்பளியிலேயே இருந்தது. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு இனி அனுப்புவார்களோ இல்லையோ, தெரியாது. சாயங்காலம் பூக்கடைப் பக்கம் இரண்டு தடவை போனேன். "கால் ஆறட்டும்" என்றார் அவள் அப்பா, பூவைக் கட்டிக்கொண்டே.

அந்த நாட்களில் என் வகுப்பில் சத்தமே கிடையாது. ஊசி துணியில் இறங்குகிற சத்தம் கேட்கும். ஜயம்மா பேரைக் கூப்பிடுவாள், உட்காருவாள், தைப்பாள். நான் முதுகைத் திருப்பினாலும் சத்தம் இல்லை. வேண்டுமென்றே ஒருநாள் ரொம்ப நேரம் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். ஒன்றும் வரவில்லை. பிள்ளைகளை அடக்கி வைக்கத் தெரியுமா என்று கேட்டார்களே, தெரிந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளில் இன்னொருத்திக்கு இப்போது ஊசி ஏறினால் என்னிடம் சொல்வாளா? சொல்ல மாட்டாள். அந்த அமைதியை வைத்துக்கொண்டு நான் ராத்தூக்கம் இல்லாமல் இருந்தேன்.

நீங்கள் வகுப்பை எடுத்த முதல் மாசத்தில் பிள்ளைகள் கப்சிப் என்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். துணியைப் பாருங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பொறுமை என்று புத்தகத்தில் எழுதியிருப்பார்கள், நான் படித்ததில்லை. கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பது என்றுதான் எனக்குத் தெரியும். அது கஷ்டம். முப்பது வருஷம் ஆன பிறகும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மாதய்யா வண்டியிலிருந்து நாகுவை இறக்கிவிட்டார். கொஞ்சம் நொண்டினாள். தன் இடத்தில் உட்காருவதற்கு முன்னால் ஜமக்காளத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் அவள் தடவி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு ஊசியைக் கையில் கொடுத்தேன்.

மணி அடித்தது. ஒவ்வொருத்தியாக வந்து கொடுத்தார்கள். வாங்கி வாங்கி எண்ணினேன். கடைசியில் நாகு வந்தாள். என் உள்ளங்கையில் ஊசியை வைத்தாள், போகவில்லை. நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"நாற்பத்திரண்டு" என்றேன்.

பின்வரிசையிலிருந்து என் குரலிலேயே, என் கொள்ளேகால் கன்னடத்திலேயே, ஒரு சத்தம் வந்தது:

"நாற்பத்திரண்டு, ஏய், நாற்பத்திரண்டு!"

வகுப்பு ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தது. நான் கம்பளியில் ஊசியைக் குத்திவிட்டு, "அப்படி இல்லை ஜயா, நான் இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்வேன்" என்றேன். நாகுதான் முதலில் சிரித்தாள்.